நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் பிரன்ச்: முதல்முறை போகிறவர்களுக்கு

முதலில் நேரக் கணக்கு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸில், காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கி ஜாஸ் இசையோடு சாப்பிடும் ஒரு நல்ல ஜாஸ் பிரன்ச்சுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு மணி நேரம் ஆகும். பத்தரைக்கு மேசை கிடைத்தால் பன்னிரண்டரை வரை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். விடுதியில் இலவசமாகக் கொடுக்கும் காலைச் சிற்றுண்டியை அன்று மட்டும் விட்டுவிடுங்கள். எழுந்ததும் ஒரு காபி போதும். வயிற்றில் ஏற்கெனவே இரண்டு துண்டு ரொட்டி இருந்தால் இரண்டாவது தட்டு வரும்போது கை நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் இனிப்பே வரும்.

இவ்வளவு கனமாக ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. 1863இல் எலிசபெத் பெகே என்ற ஜெர்மானியப் பெண்மணி, பிரெஞ்சு மார்க்கெட்டுக்கு எதிரே டெக்கேட்டர் தெருவில் உணவுக்கடை திறந்தார். விடியுமுன் வேலையைத் தொடங்கிய இறைச்சி வெட்டுபவர்கள் பதினொரு மணிக்குப் பசியோடு வருவார்கள். அவர்களுக்குப் பல சுற்றுகளாக, முட்டை, இறைச்சி, ஒயின், காபி என்று நீளும் 'இரண்டாவது காலை உணவை'ப் பரிமாறினார். பிரன்ச் என்ற சொல் இங்கிலாந்தில் அச்சேறியது 1895இல்தான். ஊர் கத்தோலிக்க ஊர் என்பதும் சேர்ந்துகொண்டது. பூசைக்கு முன் நோன்பு, பூசை முடிந்ததும் பெருஞ்சாப்பாடு. ஆகவே காலை பத்து மணிக்கே மெனுவில் சூப், முதன்மைத் தட்டு, இனிப்பு என்று மூன்று சுற்று இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். அங்கே அதுதான் முறை.

எந்தக் கடை

ஜாஸ், முற்றம், பழைய வீடு, காஸ் விளக்கு என்று ஒரு சூழலை உருவாக்கி அதற்குள் உட்கார வைக்கும் கடைகள் பல. முதல்முறை போகிறவர்கள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். மூன்றும் வெவ்வேறு ஆட்களுக்கு.

கமாண்டர்ஸ் பேலஸ் கார்டன் டிஸ்டிரிக்ட்டில், வாஷிங்டன் அவென்யூவில் இருக்கிறது. நீலப்பச்சை வண்ண மர மாளிகை. 1974இல் பிரெனன் குடும்பத்தினர் இதை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். ஜாஸ் பிரன்ச் என்ற வழக்கம் பெயர் பெற்றது இங்கேதான். சனி, ஞாயிறுகளில் இசைக்குழு மேசை மேசையாக நடந்து வந்து வாசிக்கும். பரிமாறும் ஒழுங்குக்காகவே போகலாம்: ஒரு மேசையில் நான்கு பேர் என்றால் நான்கு தட்டும் ஒரே நொடியில் இறங்கும். கேனல் தெருவிலிருந்து செயின்ட் சார்ல்ஸ் டிராமில் ஏறி வாஷிங்டன் அவென்யூ நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடை. டிராம் கட்டணம் 1.25 டாலர். ரொக்கமாகக் கொடுத்தால் சில்லறை திரும்பாது. இங்கே 25 சென்ட்டுக்கு மார்ட்டினி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் உண்டு. அது வாரநாள் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும், பிரன்ச்சுக்குக் கிடையாது.

பிரெனன்ஸ், ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில், ராயல் தெரு 417ஆம் எண்ணில் இருக்கும் இளஞ்சிவப்புக் கட்டடம். முட்டை உணவுகளுக்கும் எரியும் வாழைப்பழத்துக்கும் இதுதான் தாய்வீடு. பின்முற்ற நீரூற்றில் ஆமைகள் வளர்கின்றன. அவற்றுக்குப் பிரெஞ்சு சாஸ்களின் பெயர்கள். குழந்தைகளோடு போனால் மேசை கிடைக்கும்வரை அங்கே நிற்க வையுங்கள். சதுரங்கப் பித்து உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாபெரும் ஆட்டக்காரர் பால் மோர்ஃபி வாழ்ந்ததும் 1884இல் இறந்ததும் இந்த வீட்டில்தான். சென்னையிலிருந்து போகிற யாரும் வாசலில் ஒரு நிமிடம் நிற்காமல் உள்ளே போகக் கூடாது.

கோர்ட் ஆஃப் டூ சிஸ்டர்ஸ் அதே தெருவில் 613ஆம் எண். எம்மா, பெர்த்தா என்ற கமோர்ஸ் சகோதரிகள் இங்கே பெண்களுக்கான துணிமணி, லேஸ், திருவிழா உடைக் கடை நடத்தினார்கள். பெயர் அவர்களால் வந்தது. விஸ்டீரியா கொடி படர்ந்த பெரிய முற்றத்தில் ஜாஸ் இசையோடு பஃபே நடக்கும். சாப்பாட்டின் நயத்தில் முன்னிரண்டுக்கு ஈடாகாது. ஆனால் கிரிட்ஸ் (சோள ரவைக் கஞ்சி), கம்போ (கெட்டிக் குழம்பு), ஜம்பலாயா (இறைச்சி சேர்த்த மசாலாச் சோறு) எல்லாம் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு கரண்டி பார்க்க விரும்புகிறவர்களுக்கும், என்ன சாப்பிடுவார்கள் என்று தெரியாத குழந்தைகளைக் கூட்டிவருகிறவர்களுக்கும் இதுவே நல்ல தேர்வு.

மேசை பிடிப்பது, உடை

வார இறுதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். மார்டி கிரா திருவிழா நாட்கள், ஈஸ்டர், அன்னையர் தினம், ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் வரும் ஜாஸ் திருவிழா வாரங்கள் என்றால் ஒரு மாதம்கூடப் போதாமல் போகலாம். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை முதல் ஒன்றரை வரை தேவாலயக் கூட்டம் வந்து சேரும் நேரம். அப்போது பதிவு இருந்தாலும் வாசலில் காத்திருக்க நேரும், சமையலறையும் திணறும். பத்து மணிக்கான முதல் சுற்றைக் கேளுங்கள். சாஸ்கள் புதிதாகக் கடைந்திருப்பார்கள், இசைக்குழுவும் களைக்காமல் இருக்கும்.

பதிவு செய்யும்போதே மூன்று விஷயங்களைக் குறிப்புப் பெட்டியில் எழுதிவிடுங்கள்: எத்தனை குழந்தைகள், யாருக்கு என்ன ஒவ்வாமை, சைவமா. முற்றத்திலோ தோட்டத்தைப் பார்த்த அறையிலோ மேசை வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதலாம். உறுதி தரமாட்டார்கள், ஆனால் எழுதாதவருக்கு நிச்சயம் கிடைக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முற்றத்து மேசை கேட்க வேண்டாம். மே மாதத்துச் சென்னை வெயிலும் ஆற்றங்கரைப் புழுக்கமும் சேர்ந்தாற்போல இருக்கும். பாலாடையில் செய்த சாஸை அந்த வெக்கையில் சாப்பிட முடியாது.

உடை விஷயத்தில் கமாண்டர்ஸ் பேலஸ் கண்டிப்பானது. அரைக்கால் சட்டை, டி-ஷர்ட், ரப்பர் செருப்பு கூடாது. காலர் வைத்த சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய ஷூ போதும். கோட் இருந்தால் நல்லது. பெண்கள் பருத்திப் புடவையிலோ சல்வாரிலோ தாராளமாகப் போகலாம். ஞாயிறன்று உள்ளூர்க்காரர்களே பூப்போட்ட உடையும் தொப்பியுமாக வருவார்கள். ஆகவே பளிச்சென்று உடுத்தினால் பொருத்தமாகவே இருக்கும். உள்ளே குளிர்சாதனம் கடுமை, ஒரு மெல்லிய மேலாடை கையில் இருக்கட்டும்.

உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடம்

பரிமாறுபவர் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வார். 'ஹனி', 'டார்லிங்' என்று அழைத்தால் சங்கடப்பட வேண்டாம். அது அந்த ஊரின் சாதாரண விளி, பேரன்வயதுப் பையனையும் பாட்டியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் 'மேம்', 'சார்' சேர்த்துப் பதில் சொன்னால் மேசையின் உபசரிப்பே மாறிவிடும். தென் மாநிலங்களில் மரியாதைச் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

முதல் கேள்வி பானம் பற்றி வரும். காபி கேட்டால் பல இடங்களில் சிக்கரி கலந்தது கிடைக்கும். ஃபில்டர் காபி குடித்து வளர்ந்த நாக்குக்கு அமெரிக்காவிலேயே மிக நெருக்கமான காபி இதுதான். கறுப்பாக வாங்கினால் கசப்பு தூக்கலாக இருக்கும். 'கஃபே ஓ லே' என்று கேளுங்கள், சூடான பாலும் காபியும் சரிபாதியாகக் கலந்து வரும். 'ஸ்வீட் டீ' என்றால் ஐஸ் போட்ட, பாகுபோல இனிக்கும் கறுப்புத் தேநீர், பால் கிடையாது. இனிப்பு வேண்டாம் என்றால் 'அன்ஸ்வீட்' என்று சொல்ல வேண்டும்.

மது அருந்தாதவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். 'பிராந்தி மில்க் பஞ்ச்' என்பது பால், சர்க்கரை, வனிலா, மேலே ஜாதிக்காய்த் தூள் என்று பாதாம் பால் போலவே தோன்றும். அதில் பிராந்தி நிறைய உண்டு. 'கஃபே புரூலோ' என்பது காபிதான், ஆனால் ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் போட்டு பிராந்தியில் எரித்தது. ஆமை சூப்பில் மேசையிலேயே ஷெரி என்ற ஒயினை ஊற்றுவார்கள். ஊற்ற வரும் கையை நிறுத்திச் சொல்லிவிடலாம். மது அருந்துகிறவர்கள் 21 வயது நிரம்பியதற்குச் சான்று வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட்தான் சிக்கலில்லாத சான்று. நியூ ஆர்லியன்ஸில் ஞாயிறு காலை மதுவுக்குத் தடை இல்லை. இதே பழக்கத்தோடு வேறு தென் மாநிலத்துக்குப் போனால் அங்கே வேறு விதி: வட கரோலினாவில் 2017இல் வந்த சட்டப்படி உள்ளூர் நிர்வாகம் அனுமதித்த ஊர்களில் காலை 10 மணிக்குப் பிறகு, ஜார்ஜியாவில் 2018இல் வந்த சட்டப்படி மக்கள் வாக்களித்து ஏற்ற ஊர்களில் 11 மணிக்குப் பிறகு.

பானம் வரும்போதே ரொட்டியும் வந்துவிடும். கமாண்டர்ஸில் பூண்டும் சதகுப்பை இலையும் தடவிய ரொட்டி. கை தானாகப் போகும். ஆளுக்கு ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

மெனுவைப் படிப்பது

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பெயரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, வந்தபின் தள்ளிவைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

முட்டையில் தொடங்கலாம். 'எக்ஸ்' என்று தொடங்கி ஒரு ஊர் பெயரோ ஆள் பெயரோ தொடர்ந்தால் அது பெரும்பாலும் ஒரே அமைப்பு: கீழே ஒரு அடித்தளம், அதன்மேல் ஓடில்லாமல் வெந்நீரில் வேகவைத்த இரண்டு முட்டை, மேலே ஹாலண்டேஸ் சாஸ். பெனடிக்ட் என்றால் அடியில் ரொட்டியும் பன்றி இறைச்சியும். ஹுசார்ட் என்றால் பிரெனன்ஸின் சொந்த வகை, பன்றி இறைச்சியோடு மாட்டு எலும்புச் சாறும் ஒயினும் சேர்ந்த ஒரு சாஸும் உண்டு. சார்தூ என்றால் ஆர்ட்டிச்சோக் பூவின் அடிப்பகுதியும், இப்போதெல்லாம் பாலாடையில் வதக்கிய கீரையும். இது 1840இல் தொடங்கிய ஆன்ட்வான்ஸ் உணவகத்தில் பிறந்தது. முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு இந்த வரிசையிலேயே நெருக்கமானது சார்தூதான். ஆனால் மூலச் செய்முறையில் நெத்திலிபோன்ற ஆன்சோவி மீன் உண்டு, சில கடைகள் இன்றும் சேர்க்கின்றன. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஹாலண்டேஸ் என்பது முட்டை மஞ்சள் கரு, உருக்கிய வெண்ணெய், எலுமிச்சைச் சாறு மூன்றையும் மெல்லிய சூட்டில் கடைந்தது. சூடு ஏறினால் கரு திரிந்து பொரியல்போல ஆகிவிடும், சூடு இறங்கினால் வெண்ணெய் உறைந்து எண்ணெயாகப் பிரியும். இரண்டுக்கும் நடுவே அதை வைத்திருப்பதுதான் சமையற்காரரின் திறமை. தட்டில் சாஸின் ஓரத்தில் மஞ்சள் எண்ணெய் கசிந்தாலோ, மேலே தோல் படிந்திருந்தாலோ அது நெடுநேரம் காத்திருந்த தட்டு. திருப்பி அனுப்பலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முட்டையைக் கத்தியால் தொட்டதும் மஞ்சள் கரு வழிய வேண்டும், வெள்ளை முழுதும் வெந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் வயதானவர்களும் இந்த வகையை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் நன்றாக வெந்த முட்டையை 'ஓவர் ஹார்ட்' என்று கேட்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் வெந்தது 'சன்னி சைட் அப்', திருப்பிப் போட்டும் கரு ஓடுவது 'ஓவர் ஈஸி', நம் வீட்டு முட்டைப் பொரிமாஸ் 'ஸ்க்ராம்பில்ட்'.

அடுத்து கிரிட்ஸ். காய்ந்த மக்காச்சோளத்தை ரவையாக உடைத்துத் தண்ணீரிலோ பாலிலோ வேகவைத்தது. தோற்றம் தளர்ந்த வெள்ளை உப்புமா, ஆனால் தாளிப்பு எதுவும் இருக்காது. அதைத் தனியாக எடுத்து வாயில் போட்டுவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்பவர்கள் அதை உண்ணும் முறையை அறியாதவர்கள். சோறு எப்படிக் குழம்புக்காகவோ அப்படி கிரிட்ஸ் மேலே ஊற்றும் சாறுக்காக. வெண்ணெய், உப்பு, மிளகு சேர்த்து, முட்டைக் கருவோடோ இறால் குழம்போடோ பிசைந்து சாப்பிட வேண்டும். சர்க்கரை போட்டால் பக்கத்து மேசையே திரும்பிப் பார்க்கும். மெனுவில் 'ஸ்டோன் கிரவுண்ட்' என்று இருந்தால் கல் இயந்திரத்தில் உடைத்தது. ஒரு பங்குக்கு நாலைந்து பங்கு நீர் விட்டு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கிண்ட வேண்டும், வாசனையிலேயே சோளம் தெரியும். ஐந்து நிமிட உடனடி வகை பசைபோல வழுவழுப்பாக இருக்கும், அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

'ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ்' அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு முதல் தேர்வு. தென் கரோலினாக் கடற்கரையில் மீனவர் வீட்டுக் காலை உணவாக இருந்தது, 1985இல் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு கட்டுரைக்குப் பிறகு நாடு முழுவதும் உணவகங்களில் ஏறியது. நியூ ஆர்லியன்ஸில் அதில் டாஸோ என்ற உப்புக்கண்டப் பன்றி இறைச்சியும் சேர்ப்பது வழக்கம். ஊருக்கே உரிய தட்டு வேண்டுமென்றால் 'கிரியாட்ஸ் அண்ட் கிரிட்ஸ்' கேட்கலாம்: மெல்லிய கன்று அல்லது மாட்டிறைச்சித் துண்டுகளைத் தக்காளி, குடமிளகாய், வெங்காயம் போட்டு நெடுநேரம் மெல்லிய தீயில் வேகவைத்தது.

கம்போ ஒரு கெட்டிக் குழம்பு. மாவை எண்ணெயில் காபித்தூள் நிறம் வரும்வரை வறுத்து அதில் கட்டுவார்கள். கம்போ என்ற பெயர் ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்த ஊர்ச் சமையலின் வேர் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. கிண்ணம் கேட்காமல் கப் கேளுங்கள். பிரன்ச்சில் கிண்ணம் கம்போ குடித்தவர் இனிப்பு வரை போனதில்லை.

பிஸ்கட் என்று மெனுவில் இருந்தால் அது நாம் தேநீரில் நனைக்கும் பிஸ்கட் அல்ல. மோரும் வெண்ணெயும் சேர்த்து, புரதம் குறைந்த மென்கோதுமை மாவில் சுட்ட, அடுக்கடுக்காகப் பிரியும் பன். கத்தியால் வெட்டினால் அடுக்குகள் நசுங்கும், கையால் இரண்டாகப் பிரித்து வெண்ணெய் வையுங்கள். பத்து நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டிய பண்டம், ஆறினால் கல். அதன்மேல் ஊற்றிவரும் வெள்ளைக் குழம்பை வெறும் பால் சாஸ் என்று நினைத்துவிட வேண்டாம். பன்றி இறைச்சியை வறுத்த கொழுப்பில் மாவு கிளறிப் பால் விட்டுச் செய்தது.

சைவமும் விலக்கும்

தென் மாநிலச் சமையலில் பன்றிக் கொழுப்புக்கு நம் சமையலில் நல்லெண்ணெய்க்கு உள்ள இடம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எங்கும் இருக்கும். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொண்டுவருவார்கள், கொழுப்பும் எலும்புச் சாறும் அப்படியே இருக்கும். ஏமாற்ற நினைத்து அல்ல, அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. ஆகவே பொதுவாகச் சொல்லாமல் தனித்தனியாகக் கேளுங்கள்.

காலர்டு கீரையிலும் பீன்ஸிலும் பன்றி முழங்கால் எலும்போ பேக்கன் கொழுப்போ போட்டு வேகவைத்தார்களா? கிரிட்ஸ் தண்ணீரிலா, பாலிலா, கோழிச் சாறிலா? பிஸ்கட்டில் வெண்ணெயா, பன்றிக் கொழுப்பா? வெண்டைக்காய், பச்சைத் தக்காளி வறுவலைப் பொரித்த எண்ணெயில் இறாலும் கோழியும் பொரிக்கிறார்களா? பெரும்பாலும் ஒரே சட்டிதான். ரெமுலாட் சாஸிலும், வூஸ்டர் சாஸ் சேர்ந்த எதிலும் ஆன்சோவி மீன் இருக்கலாம். தக்காளிச் சாறு பானமான பிளடி மேரியிலும் வூஸ்டர் சாஸ் உண்டு.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒரு பெயர்ப் பொறி: 'சிக்கன் ஃப்ரைட் ஸ்டேக்' என்பதில் கோழி இல்லை. கோழி வறுவல்போல மாவில் தோய்த்துப் பொரித்த மாட்டிறைச்சி. பன்றி விலக்குகிறவர்கள் 'சாசேஜ்', 'ஆன்டூயி', 'பூடான்', 'டாஸோ' நான்கையும் நினைவில் வையுங்கள். வேறு இறைச்சி என்று எழுதாதவரை நான்கும் பன்றி.

முட்டையும் சாப்பிடாதவர்களுக்கு நடைமுறை உண்மை: பிரன்ச் மெனுவே முட்டையின்மேல் கட்டியது, அந்த மேசையில் உங்களுக்கு நேரடியாக எதுவும் இருக்காது. இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் பேசிவிட்டால் கமாண்டர்ஸ், பிரெனன்ஸ் போன்ற பெரிய சமையலறைகள் காய்கறித் தட்டு ஒன்றை உங்களுக்காகத் தயார் செய்துதரும். அன்று காலை வந்து சொன்னால் கிரிட்ஸ், உருளைக்கிழங்கு, பழம் என்றுதான் முடியும்.

எவ்வளவு கேட்பது

இரண்டு பேர் என்றால் ஒரு முதல்சுற்றுத் தட்டு, இரண்டு முதன்மைத் தட்டு, ஒரு இனிப்பு. நான்கு பேர் என்றால் இரண்டு முதல்சுற்று, நான்குக்குப் பதில் மூன்று முதன்மை, இரண்டு இனிப்பு. அமெரிக்கத் தட்டின் அளவு அப்படி. முதன்மைத் தட்டுகளில் ஒன்று முட்டை, ஒன்று கிரிட்ஸ் என்று வேறுபடுத்தினால் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். கூடுதல் தட்டு கேட்டால் தருவார்கள். விலை நிர்ணயித்த மூன்றுசுற்று மெனுவாக இருந்தால் பகிர்வதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம், முன்பே கேளுங்கள். கமாண்டர்ஸின் பிரட் புட்டிங் சூஃப்லே வேண்டுமென்றால் முதன்மைத் தட்டோடு சேர்த்தே சொல்லிவிட வேண்டும். அடுப்பில் பொங்கி எழ நேரம் வேண்டும், வந்ததும் உடைத்து விஸ்கி சாஸ் ஊற்றுவார்கள், ஐந்து நிமிடம் தாமதித்தால் அமுங்கிவிடும்.

பஃபேயில் முதலில் தட்டை எடுக்காமல் வரிசையை ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பாருங்கள். முதல் சுற்றில் குளிர்ந்தவை: இறால், பழம், சாலட். இரண்டாவதில் உடனுக்குடன் செய்துதரும் முட்டை மேசை. ஏற்கெனவே சாஸ் ஊற்றி வெந்நீர்த் தட்டில் வைத்த முட்டைகளைத் தவிருங்கள், அடியில் வெந்துகொண்டே இருப்பதால் கரு இறுகிப் போயிருக்கும். மூன்றாவதில் குழம்பு வகைகள். அவை நேரம் ஆக ஆக நன்றாகவே ஆகும்.

இசைக்குழு வரும்போது

டிரம்பெட், பாஞ்சோ, பெரிய பாஸ் என்று மூன்று பேர் பெரும்பாலும். மேசைக்கு அருகில் நின்று, எங்கிருந்து வருகிறீர்கள், ஏதாவது கொண்டாட்டமா என்று கேட்பார்கள். பாட்டு வேண்டுமானால் கேட்கலாம். கேட்டால் ஐந்து முதல் பத்து டாலர் கொடுப்பது வழக்கம், கேட்காவிட்டாலும் இரண்டு மூன்று டாலர் தரலாம். கையில் சில்லறை நோட்டுகள் இருக்கட்டும். அவர்கள் வாசிக்கும்போது சாப்பிடுவதை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் தொலைபேசியில் பேசுவது தவறு. சில நேரம் குழு ஊர்வல மெட்டு ஒன்றை எடுத்ததும் மேசைகளில் இருப்பவர்கள் வெள்ளைக் கைத்துணியைத் தலைக்குமேல் சுழற்றியபடி எழுந்து பின்னால் நடப்பார்கள். அந்த ஊரில் சவ அடக்கத்திலிருந்து திருமணம் வரை நடக்கும் 'செகண்ட் லைன்' ஊர்வலத்தின் சிறு வடிவம் அது. வெட்கப்படாமல் எழுந்துபோங்கள், வந்த புதியவர் சேர்ந்துகொள்வதைத்தான் அவர்கள் விரும்புவார்கள்.

எரியும் வாழைப்பழம்

பனானாஸ் ஃபாஸ்டர் 1951இல் பிரெனன்ஸில் பிறந்தது. அப்போது மத்திய அமெரிக்காவிலிருந்து வாழைப்பழம் வந்திறங்கும் துறைமுகமாக இருந்தது நியூ ஆர்லியன்ஸ். குடும்பத்தில் ஒருவருக்குக் காய்கனி வணிகம். அந்தப் பழத்தை வைத்து ஏதாவது செய்யச் சொன்னதில் வந்தது இது, குடும்ப நண்பர் ரிச்சர்ட் ஃபாஸ்டர் பெயரை வைத்தார்கள். மேசையருகே தள்ளுவண்டியில் செய்வார்கள். வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் பட்டைத்தூளும் உருகிப் பாகானதும், ஆளுக்கு அரை வாழைப்பழம் என்று நீளவாக்கில் நறுக்கிப் போட்டு, வாழைப்பழ மதுவும் பிறகு ரம்மும் ஊற்றிப் பற்றவைப்பார்கள். நெருப்பின்மேல் பட்டைத்தூளைத் தூவும்போது மத்தாப்புபோலப் பொரியும். படம் எடுக்க வேண்டியது அந்த இரண்டு நொடி. தலைமுடியும் துப்பட்டாவும் வண்டியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி இருக்கட்டும்.

எரித்தால் மது போய்விடும் என்பது பலரும் நம்புவது, உண்மை அதுவல்ல. தீ மேலே எழும் ஆவியைத்தான் எரிக்கிறது, பாகில் பெரும்பகுதி தங்கிவிடும். குழந்தைகளுக்கும் மது விலக்குகிறவர்களுக்கும் ரம் ஊற்றும் முன் தனியாக எடுத்துத்தரச் சொன்னாலும் வாழைப்பழ மது அதற்கு முன்பே சேர்ந்திருக்கலாம். ஆகவே தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.

பில்

அட்டையைக் கறுப்பு உறையில் வைத்தால் எடுத்துப்போய்த் தேய்த்து, இரண்டு சீட்டோடு திரும்பக் கொண்டுவருவார்கள். கடைச் சீட்டில் டிப்ஸ் தொகையையும் கூட்டுத்தொகையையும் நீங்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும். உணவின் விலை 120 டாலர் என்றால் வரி ஏறத்தாழ 10 சதவீதம், 12 டாலர். டிப்ஸ் வரிக்கு முந்தைய தொகையில் 20 சதவீதம், 24 டாலர். மொத்தம் 156. மெனு விலையைப் பார்த்தவுடனே மூன்றில் ஒரு பங்கை மனத்தில் கூட்டிக்கொண்டால் கடைசியில் திகைப்பு இருக்காது.

டிப்ஸ் விருப்பம்போலத் தரும் அன்பளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்குக் கூட்டாட்சிச் சட்டம் விதிக்கும் குறைந்தபட்ச ரொக்கக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் மாறவில்லை. லூசியானாவிலும் அதுவே. இரண்டு மணி நேரம் உங்கள் மேசையைச் சுற்றி நடந்தவரின் ஊதியம் நீங்கள் எழுதும் அந்த வரியில்தான் இருக்கிறது. ஆறு பேருக்கு மேல் போனால் பல கடைகள் 'கிராட்டூயிட்டி' என்று தாங்களே சேர்த்துவிடும். அந்தச் சொல் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மறுபடி எழுத வேண்டியதில்லை.

மிச்சம்

மிஞ்சியதைப் பெட்டியில் கேட்பது அங்கே கௌரவக் குறைவு இல்லை. ஆனால் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். ஹாலண்டேஸ் ஊற்றிய எதுவும் வேண்டாம், அரைவேக்காட்டு முட்டைக் கரு அது. மற்ற சமைத்த உணவும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேலான வெயிலில் ஒரு மணி நேரம்தான். பிரன்ச் முடிந்து ஊர் சுற்றப் போகிறீர்கள் என்றால் பெட்டியே வேண்டாம். நேராக அறைக்குப் போய்க் குளிர்பெட்டியில் வைக்க முடிந்தால் பிஸ்கட்டும் வெறும் கிரிட்ஸும் எடுத்துக்கொள்ளலாம். பிஸ்கட்டை மைக்ரோவேவில் வைத்தால் முதலில் ரப்பர், பிறகு ஓடு. அலுமினியத் தாளில் சுற்றி 175 டிகிரி அடுப்பில் ஏழெட்டு நிமிடம் வையுங்கள். கிரிட்ஸ் குளிரில் அல்வாபோல இறுகிவிடும். மறுநாள் காலை விரல்மொத்தத் துண்டுகளாக வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் பொன்னிறமாகச் சிவக்க விடுங்கள், மேலே மிளகு தூவிச் சாப்பிடலாம்.